ஏரியா சபைக்குப் போய்வந்தேன். அடுத்து என்ன செய்ய வேண்டும்?

நாலாவது குறுக்குத்தெரு | செப்டம்பர் 21, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். இங்கே மூன்று வருடமாகப் படிக்கிறேன், எழுதுவது முதல் தடவை. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தெருவில் 46 வீடுகள். முன்பு ஊராட்சியாக இருந்து, பிறகு மாநகராட்சியோடு சேர்த்த பகுதி. எந்த ஊர், எந்த வார்டு என்று எழுதவில்லை. யாரையும் மாட்டிவிடுவது என் நோக்கம் இல்லை. எனக்கு வழி தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டு வருடத்துக்கு முன் தெருவின் இடது பக்கம் மழைநீர் வடிகால் கட்டினார்கள். கான்கிரீட் வேலை, மேலே மூடி, எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் தெருக்கோடியில் பெரிய கால்வாயைத் தொடுவதற்குச் சுமார் 30 அடி முன்னால் வேலை நின்றுவிட்டது. அங்கே ஒரு மின்கம்பமும் ஒரு பழைய மதில்சுவரும் குறுக்கே நிற்கின்றன. வடிகாலுக்குள் இறங்கிய தண்ணீர் போக இடமில்லாமல் அப்படியே தேங்குகிறது. மழை பெய்யாத நாளிலும் தேங்குகிறது. மூடிகளின் இடுக்கில் எட்டிப் பார்த்தால் கறுப்பாகத் தெரியும். ஆறு மணி ஆனால் கொசு. போன வாரம் அரை மணி நேரம்தான் மழை பெய்தது; மறுநாள் காலை பால் வாங்கப் போன என் மாமியார் வாசலிலிருந்து முனைக்கடை வரை செங்கல் மேல் செங்கலாகக் கால் வைத்துத்தான் போனார். அவருக்கு 71 வயது, இரண்டு முழங்காலிலும் வலி.

எங்கள் பகுதி வாக்காளர்கள் கூடிக் குறை சொல்லும் ஏரியா சபைக் கூட்டம் நடக்கிறது என்று முதல்நாள் ராத்திரி பக்கத்து வீட்டு அக்கா வாட்ஸ்அப்பில் சொன்னார். மாநகராட்சி நடுநிலைப் பள்ளியில், இரண்டாம் வகுப்பு அறை. மொத்தம் 14 பேர், அதில் 4 பேர் அலுவலகத்து ஆட்கள். கவுன்சிலர் பொறுமையாகத்தான் கேட்டார். நான் எழுந்து எல்லாவற்றையும் சொன்னேன். "நோட் பண்ணிக்கிட்டோம்மா" என்றார்கள். வந்துவிட்டேன். ஐந்து வாரம் ஆகிறது, ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. மாநகராட்சி ஆப்பில் நான் போட்ட புகாருக்கு மட்டும் "தீர்க்கப்பட்டது" என்று குறுஞ்செய்தி வந்தது.

வீட்டு வரியை ஒவ்வொரு அரையாண்டும் முதல் மாதத்திலேயே கட்டிவிடுகிறோம், அந்த 5 சதவீதச் சலுகைக்காகவாவது. இது யாருடைய வேலை, அடுத்த கூட்டத்துக்குப் போவதில் பயன் இருக்கிறதா, இந்த இரண்டும்தான் என் கேள்வி.

பழைய ஓவர்சியர் | செப்டம்பர் 21, இரவு 11.05

அம்மா, நகராட்சிப் பொறியியல் பிரிவில் 31 வருடம் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன்.

மழை பெய்யாத நாளிலும் கறுப்பாகத் தண்ணீர் நிற்கிறது என்றீர்கள். அப்படியானால் அது மழைநீர் இல்லை. தெருவில் சில வீடுகளின் குளியலறைத் தண்ணீரோ செப்டிக் டேங்க் வழிந்த தண்ணீரோ அதற்குள் வருகிறது. மழைநீர் வடிகால் வேறு, பாதாளச் சாக்கடை வேறு. வடிகால் மழைத் தண்ணீரை ஆற்றுக்கோ கால்வாய்க்கோ நேராகக் கொண்டுபோவதற்கு. சாக்கடைத் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போக வேண்டியது. சென்னையில் இந்த இரண்டும் இரண்டு நிர்வாகத்தின் கையில் இருக்கின்றன. வடிகால் மாநகராட்சியுடையது, குடிநீரும் கழிவுநீரும் 1978இல் அமைத்த குடிநீர் வாரியத்துடையது. மற்ற ஊர்களில் பெரும்பாலும் இரண்டையும் மாநகராட்சியே பராமரிக்கிறது, பெரிய திட்டங்களைக் குடிநீர் வடிகால் வாரியம் கட்டித் தருவது வழக்கம். ஆக, உங்கள் ஊரில் யார் என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

அடுத்தது அந்த 30 அடி. மின்கம்பத்தை நகர்த்துவது மின்வாரியத்தின் வேலை, ஆனால் செலவைக் கேட்கிறவர்தான் கட்ட வேண்டும். மாநகராட்சி பணம் கட்டாமல் அவர்கள் ஆள் அனுப்ப மாட்டார்கள். மதில்சுவர் பட்டா நிலத்தில் நிற்கிறதா தெருவில் நிற்கிறதா என்பதை நில அளவையர் அளந்துதான் சொல்ல முடியும். கால்வாய் நீர்வளத்துறையுடையது என்றால் அதில் இணைக்க அவர்களுடைய தடையின்மைச் சான்று வேண்டும். பார்த்தீர்களா, 30 அடிக்கு நான்கு அலுவலகம். வார்டு உதவிப் பொறியாளர் மனசு வைத்தாலும் ஒரே நாளில் முடியாது. நான் அந்த நாற்காலியில் இருந்தவன், இதைச் சாக்காகச் சொல்லவில்லை. இந்த நான்கையும் பிரித்து யாராவது எழுதிக் கேட்டால் கோப்பு நகரும். "தண்ணீர் நிற்கிறது" என்று மட்டும் சொன்னால், மோட்டார் வைத்து ஒருநாள் இறைத்துவிட்டு "தீர்க்கப்பட்டது" என்று முடிப்பார்கள். அன்றைக்கு நின்ற தண்ணீர் போய்விட்டது, அந்தக் கணக்கில் புகார் முடிந்துவிட்டது.

விளக்குக்கம்பம் | செப்டம்பர் 22, காலை 7.15

மூன்று ஏரியா சபைக்குப் போயிருக்கிறேன். வந்தவர்களில் பாதிப் பேர் கட்சி வேலை பார்க்கிறவர்கள். வார்டு குழு உறுப்பினர்களை நாமா தேர்ந்தெடுக்கிறோம்? நியமனம்தானே? நம் தெருக்காரர் என்று ஒருவரை வைத்திருக்கிறார்கள்; அவர் பெயரே எனக்கு அந்தக் கூட்டத்தில்தான் தெரிந்தது. மூன்று கூட்டத்திலும் எங்கள் பூங்காவுக்கு விளக்கு கேட்டேன். இன்றைக்கும் இருட்டுதான். நம்பிக்கை கொடுத்துவிட்டு ஏமாற்றுவதைவிட, கூட்டமே இல்லாமல் இருந்தால் நேரமாவது மிஞ்சும். கோபமாக எழுதுகிறேன் என்று தெரிகிறது. ஆனால் ஏழு மணிக்கு மேல் என் மகள் அந்தப் பூங்கா வழியாக டியூஷன் முடித்து வர முடியவில்லை.

கூவம் கரை | செப்டம்பர் 22, காலை 10.30

விளக்குக்கம்பம் அண்ணே, உங்கள் கோபம் நியாயம்தான். நியமனம் என்பதும் உண்மை. ஆனாலும் இந்தக் கூட்டம் எவ்வளவு தாமதமாகக் கைக்கு வந்தது என்பதையும் பார்க்க வேண்டும்.

74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993 ஜூன் 1இல் நடைமுறைக்கு வந்தது. மூன்று லட்சம் பேருக்கு மேல் வாழும் ஊர்களில் வார்டு குழு இருக்க வேண்டும் என்று அதில் 243-எஸ் பிரிவு சொல்கிறது. ஆனால் "ஒன்று அல்லது அதற்கு மேற்பட்ட வார்டுகள்" என்று எழுதியிருப்பதால், பல வார்டுகளைச் சேர்த்து மண்டலக் குழு வைத்தாலே போதும் என்று ஆகிவிட்டது. மண்டலக் குழுவில் கவுன்சிலர்கள் இருப்பார்கள், நீங்களும் நானும் இருக்க முடியாது. தமிழ்நாட்டில் வார்டு குழுவுக்கும் ஏரியா சபைக்கும் விதிகள் வந்தது 2022இல். அதே வருடம் நவம்பர் 1, உள்ளாட்சி நாளன்று முதல் கூட்டங்கள் நடந்தன; முதலமைச்சர் தாம்பரம் மாநகராட்சியில் பம்மலில் கலந்துகொண்டார். கிட்டத்தட்ட 29 வருடம் கழித்து.

சென்னை மாநகராட்சி 1688இல் தொடங்கியது, நாட்டிலேயே பழையது. அந்தச் சென்னையில் 2016 அக்டோபரிலிருந்து 2022 மார்ச் வரை தேர்ந்தெடுத்த மன்றமே கிடையாது, தனி அலுவலர்தான். 2015 வெள்ளத்துக்குப் பிறகு வடிகால் பற்றி மக்கள் அதிகம் பேச வேண்டியிருந்த வருடங்கள் அவை. அப்போது எங்கள் தெருக்காரர்கள் யாரிடம் போவது என்று தெரியாமல் நின்றோம். பிறகு 2022 பிப்ரவரியில் தேர்தல் நடந்தது, 200 வார்டு, பாதி பெண்களுக்கு. ஆனால் வாக்குப்பதிவு சுமார் 43.6 சதவீதம். மாநிலத்தின் சராசரி 60ஐத் தாண்டியது. நூற்றுக்கு 56 பேர் வீட்டிலேயே இருந்துவிட்டோம். நானும் அன்றைக்கு வெளியூரில் இருந்தேன், இப்போதும் அது உறுத்துகிறது.

வாடகை வீட்டுக்காரி | செப்டம்பர் 22, மதியம் 1.20

ஒரு சந்தேகம். எங்கள் தெருவில் குடியிருப்போர் சங்கம் இருக்கிறது, ஆனால் சொந்த வீட்டுக்காரர்கள் மட்டும்தான் உறுப்பினர். வாடகைக்கு இருப்பவர்கள் ஏரியா சபைக்குப் போகலாமா? போனால் "நீங்க யாரு" என்று கேட்பார்களா? தரைத்தளத்தில் இருப்பது நாங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது எங்கள் கட்டில் உயரத்துக்குத் தண்ணீர். மாடியில் இருந்த வீட்டுக்காரருக்கு ஒன்றும் ஆகவில்லை. வடிகால் பற்றிப் பேச எங்களைவிட யாருக்கு அதிகம் காரணம் இருக்கிறது?

கூவம் கரை | செப்டம்பர் 22, மதியம் 2.05

தாராளமாகப் போகலாம். அந்தப் பகுதியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருப்பவர் எல்லோரும் ஏரியா சபை உறுப்பினர்தான், வீட்டுப் பத்திரம் யாரும் கேட்க முடியாது. உங்கள் பெயர் பழைய முகவரியில் இருந்தால் படிவம் 8 கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள், ஆன்லைனிலேயே முடியும். வாடகைக்கு இருப்பவர்கள் இதைத் தள்ளிப்போடுவதால்தான் ஒரு தெருவில் பாதிப் பேர் கணக்கிலேயே வராமல் போகிறார்கள்.

வைகைக்கரை | செப்டம்பர் 22, இரவு 8.50

எனக்கு ஊர் கிராமம், இப்போது மதுரையில் இருக்கிறேன். கிராம சபை வருடத்துக்கு ஆறு தடவை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 பழையவை, மார்ச் 22உம் நவம்பர் 1உம் பிறகு சேர்த்தது. என் சின்ன வயதில் முதல்நாள் தண்டோரா போடுவார்கள். அம்மா அன்றைக்குச் சீக்கிரம் சமைத்துவிட்டுப் போவார். ஊராட்சி வேலைக்குக் கூலி வரவில்லை என்றால் அங்கேயே, ஊர்முன்னால், செயலரை நிற்க வைத்துக் கேட்பார்கள். வரவு செலவை வாசித்த பிறகுதான் தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்துப் போடுவார்கள். என் அம்மா படிக்காதவர். ஆனால் வாசித்துக் காட்டாமல் ஒருநாளும் ரேகை வைத்ததில்லை.

நகரத்துக்கு வந்து இருபது வருடமாக எனக்குக் கிடைக்காமல் போனது இதுதான். பக்கத்து வீட்டில் யார் என்று தெரியாது, வார்டு எண் தெரியாது. அக்கா, உங்கள் கூட்டத்தில் தீர்மானப் புத்தகம் இருந்ததா? யாராவது கையெழுத்து வாங்கினார்களா?

நாலாவது குறுக்குத்தெரு | செப்டம்பர் 22, இரவு 10.15

எல்லோருக்கும் நன்றி. வைகைக்கரை தம்பி, வருகைக்கு ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். பெயர், போன் நம்பர், அவ்வளவுதான். நான் சொன்னதை யாராவது எழுதினார்களா என்று நான் பார்க்கவே இல்லை. எழுதியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பழைய ஓவர்சியர் | செப்டம்பர் 22, இரவு 10.50

அங்கேதான் விட்டுவிட்டீர்கள் அம்மா. ஒரு வேலை எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். உதவிப் பொறியாளர் இடத்தைப் பார்த்து மதிப்பீடு போடுவார். அதற்கு நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி இரண்டும் வேண்டும். அப்புறம் டெண்டர், பணி ஆணை, வேலை. ஒப்பந்ததாரர் எவ்வளவு செய்தார் என்பதை அளந்து எம்-புக் என்கிற அளவுப் புத்தகத்தில் ஏற்றிய பிறகுதான் பில். இந்தச் சங்கிலியின் முதல் கண்ணி ஒரு காகிதம். நீங்கள் வாயால் சொன்னது காகிதம் ஆகாதவரை அது எந்த மேசைக்கும் போகாது. அந்த நாற்காலியில் இருப்பவருக்கு ஒரு வார்டில் தினமும் குழாய் உடைப்பு, மரம் விழுந்தது, மந்திரி வருகை. நேற்றுக் கேட்டது இன்று மறந்துபோகும்.

அடுத்த கூட்டத்தில் ஒரு பக்கத்துக்கு மனு எழுதி இரண்டு பிரதி கொண்டுபோங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றதில் தேதியோடு சீல் வாங்குங்கள். இந்தக் கோரிக்கை கூட்டக் குறிப்பில் ஏறட்டும் என்று எல்லோர் முன்னாலும் கேளுங்கள். குறிப்பின் நகல் கிடைக்கவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பினால் 30 நாளில் பதில் தர வேண்டும். அதே மனுவில் வடிகால் வேலையின் மதிப்பீட்டு நகலும் எம்-புக் நகலும் கேளுங்கள். 30 அடி விட்டுப்போனது மதிப்பீட்டிலேயே இல்லையா, இருந்து செய்யாமல் விட்டார்களா என்பது அதில் தெரிந்துவிடும். இரண்டும் வேறு வேறு விஷயம்.

ஆனால் ஸ்டாம்பை ஒட்டுவதற்கு முன்னால் ஒரு தடவை நேரில் போய்ப் பாருங்கள். காலையில் ஒன்பது மணிக்குள் போனால் பொறியாளர் வார்டு அலுவலகத்தில் இருப்பார், அதற்குப் பிறகு களத்துக்குப் போய்விடுவார். சண்டைக்கு வந்த மாதிரி இல்லாமல், நாலு வீட்டுக்காரர்கள் சேர்ந்து போங்கள்.

மாடித்தோட்டம் | செப்டம்பர் 23, காலை 6.30

குப்பை பற்றி ஒன்று சொல்ல வேண்டும், தலைப்புக்குச் சம்பந்தம் உண்டு. எங்கள் தெருவில் வடிகால் அடைத்துக்கொண்டபோது மூடியைத் தூக்கிப் பார்த்தோம். உள்ளே இருந்தது பெரும்பாலும் பால் கவர், டீக்கடை பிளாஸ்டிக் கப், குழந்தைகளின் டயாப்பர். எல்லாம் நாங்கள் போட்டதுதான்.

அதற்குப் பிறகு எங்கள் ஏரியாத் தூய்மைப் பணியாளர் அக்காவிடம் பேசினேன். ஐந்தே முக்காலுக்கு வேலைக்கு வருகிறார். ஒரு வீட்டுக் குப்பையைக் கையால் கிளறும்போது உடைந்த டியூப்லைட் கிழித்து உள்ளங்கையில் தையல் போட்ட தழும்பைக் காட்டினார். மக்கும் குப்பை, மக்காத குப்பை, அபாயக் குப்பை என்று பிரித்துத்தர வேண்டும் என்பது 2016ஆம் வருடத் திடக்கழிவு விதிகளிலேயே வந்துவிட்டது. அந்த உள்ளங்கையைப் பார்த்த பிறகு எனக்கு அது வெறும் விதியாகப் படவில்லை. இப்போது எங்கள் 22 வீட்டில் 19 வீடு பிரித்துத் தருகிறது. கண்ணாடியைப் பழைய செய்தித்தாளில் சுற்றி, மேலே சிவப்பு மார்க்கரில் பெருக்கல் குறி போட்டு வைக்கிறோம்.

ஏரியா சபையில் தூய்மைப் பணியாளர்களையும் பேசவிடுங்கள். எந்தத் தெருவில் என்ன பிரச்சினை என்பது அவர்களைவிட யாருக்கும் தெரியாது.

விளக்குக்கம்பம் | செப்டம்பர் 23, இரவு 9.00

ஒரு கேள்வி. எங்கள் வார்டில் "நமக்கு நாமே" திட்டத்தில் போட்டால் விளக்கு சீக்கிரம் வரும், மக்கள் பங்காக மூன்றில் ஒரு பங்கு கட்டுங்கள் என்கிறார்கள். வரியும் கட்டிவிட்டு, விளக்குக்கும் நாமே கட்ட வேண்டுமா? வசதியான தெருவுக்கு விளக்கு வரும், கூலி வேலை செய்பவர்கள் இருக்கும் தெரு இருட்டாகவே இருக்குமே.

பழைய ஓவர்சியர் | செப்டம்பர் 23, இரவு 9.40

உங்கள் பயம் சரிதான். அந்தத் திட்டம் நல்லது, நானே சில பூங்கா வேலைகளை அதில் எடுத்திருக்கிறேன். ஆனால் தெருவிளக்கு, வடிகால், குடிநீர் மாதிரி அடிப்படை வேலைகளுக்கு மக்களிடம் கைநீட்டக் கூடாது என்பது என் உறுதியான அபிப்பிராயம். நூலகத்துக்கு மேசை நாற்காலி, விளையாட்டுத் திடலுக்கு வலை, அதற்கெல்லாம் சேர்ந்து கொடுங்கள். விளக்கை உரிமையாகக் கேளுங்கள். பக்கத்துக் கம்பத்தில் எண் எழுதியிருக்கும், அதைக் குறிப்பிட்டு எழுதுங்கள். "பூங்கா இருட்டாக இருக்கிறது" என்பதற்கும் "இந்த எண் கம்பத்துக்கும் அந்த எண் கம்பத்துக்கும் நடுவில் விளக்கு இல்லை" என்பதற்கும் நிறைய வித்தியாசம். மகள் விஷயத்தையும் அந்த மனுவில் ஒரு வரி எழுதுங்கள்.

நாலாவது குறுக்குத்தெரு | டிசம்பர் 14, இரவு 8.20

இத்தனை நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

ஓவர்சியர் ஐயா சொன்னபடி நாங்கள் ஐந்து பேர் காலை எட்டரைக்கு வார்டு அலுவலகம் போனோம். பொறியாளர் சின்ன வயதுப் பெண், மாற்றலாகி வந்து நான்கு மாதம்தான் ஆகிறதாம், தெருவையே பார்த்ததில்லை. அன்றைக்கே எங்களோடு வந்தார். இரண்டு பணியாளர்கள் கடப்பாரை போட்டு ஏழு மூடிகளைத் தூக்கினார்கள். மொத்தம் ஒன்பது பிவிசி பைப்புகள் வடிகாலுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. ஒன்றில் சோப்புத் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. அந்தப் பைப் மதிலுக்குள் போகும் இடத்தைப் பார்த்தேன், எங்கள் வீட்டு மதில். வாஷிங் மெஷின் தண்ணீர். வீடு கட்டும்போது மேஸ்திரி கொடுத்துவிட்டுப் போன இணைப்பு, எங்களுக்கே தெரியாது. அத்தனை பேர் நடுவில் எனக்குப் பேச்சு வரவில்லை. ஐந்து வாரம் யாரும் வரவில்லை என்று நான் எழுதிய நாட்களிலும் அந்தத் தண்ணீர் போய்க்கொண்டுதான் இருந்திருக்கிறது.

மறுநாளே தோட்டத்துப் பக்கம் உறிஞ்சுகுழி வெட்டி அதில் திருப்பிவிட்டோம். அதைக் காட்டித்தான் மற்ற எட்டு வீட்டுக்கும் போனேன். ஆறு பேர் அடைத்துவிட்டார்கள். இரண்டு வீட்டில் இடமே இல்லை, செப்டிக் டேங்க் வழிகிறது. அவர்களுக்குப் பாதாளச் சாக்கடை வந்தால்தான் தீரும், அதைத் தனி மனுவாக எழுதியிருக்கிறோம்.

அடுத்த ஏரியா சபைக்கு 38 பேர் வந்தோம். மாடித்தோட்டம் சொன்னதை வைத்து எங்கள் தூய்மைப் பணியாளர்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டோம். பின் வரிசையிலேயே நின்றுகொண்டிருந்தார்கள். கவுன்சிலரே எழுந்து நாற்காலி போடச் சொன்னார். வாடகைக்கு இருப்பவர்கள் 11 பேர் வந்தார்கள். மனுவுக்குச் சீல் வாங்கினேன். கூட்டக் குறிப்பை வாசித்துக் காட்டச் சொன்னோம், "தெருக்கோடி வடிகால் இணைப்பு" என்று மட்டும் எழுதியிருந்தார்கள். கம்பம், சுவர், கால்வாய் மூன்றையும் தனித்தனியாக எழுதச் சொல்லித் திருத்தினோம். வைகைக்கரை தம்பி, அந்த நேரத்தில் உங்கள் அம்மாவைத்தான் நினைத்துக்கொண்டேன்.

மதிப்பீட்டு நகல் வந்துவிட்டது. அந்த 30 அடி மதிப்பீட்டில் இல்லவே இல்லை. ஆக ஒப்பந்ததாரர் மேல் தவறு இல்லை, புது மதிப்பீடு போட வேண்டும். மின்கம்பத்துக்குப் பணம் கட்ட மாநகராட்சியில் கோப்பு எழுதியாகிவிட்டது, எண் எங்களிடம் இருக்கிறது. இந்த மழைக்கும் தண்ணீர் நின்றது. ஆனால் வெறும் மழைத் தண்ணீர். நாற்றம் இல்லை, இரண்டு நாளில் வற்றிவிட்டது. செங்கற்களை இன்னும் எடுக்கவில்லை.

வியாழக்கிழமை காலை நில அளவையர் வருகிறார். புலப்பட (நிலத்தின் அளவு வரைபடம்) நகல் எடுத்து வைத்திருக்கிறேன். வேறு என்ன தயாராக வைத்துக்கொள்ள வேண்டும் ஐயா?

பழைய ஓவர்சியர் | டிசம்பர் 14, இரவு 9.10

படிக்கப் படிக்க மனசு நிறைந்துவிட்டது அம்மா. புலப்படம் போதும். ஆனால் மதில்சுவர்க்காரர் வீட்டுக்கு நாளைக்கே போங்கள், உங்கள் மாமியாரையும் கூட்டிக்கொண்டு. அளக்கப் போகிறார்கள் என்பது நோட்டீஸ் வழியாகத் தெரிவதற்கு முன்னால் உங்கள் வாயால் தெரியட்டும். வியாழக்கிழமை சங்கிலி பிடிக்கும்போது அவரும் கூட நிற்கட்டும். அளந்து முடித்ததும் எல்லைக்கல் எங்கே விழுகிறது என்பதை போட்டோ எடுத்து, அன்றைக்கே பொறியாளருக்கும் ஒரு நகல் கொடுத்துவிடுங்கள்.